மெஷினை எண்ணுவதா, வயலைப் பின்தொடர்வதா? சிரியம் பக்கத்து நெல்–பயறு வயல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ரங்கூனிலிருந்து பெகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிரியம். அரசுப் பலகைகளில் தன்லின். அதற்கு அப்பால் சவுத்தான், தொங்வா, கயான் என்று டவுன்ஷிப்கள் (நம் ஊர் வட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) தொடரும். தட்டையான தரை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல். மே நடுவில் மழை பிடித்து அக்டோபர் வரை கொட்டும், அப்போது நெல். மழை நின்றதும் அதே வயலில் பயறு. பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம்தான் அதற்கு எல்லாமே. இங்கே தலைமுறைகளாக உழுது வரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழாவுக்குப் போனால் ரங்கூன் கடைக்காரர்களுக்கு நடுவே அவர்களையும் பார்க்கலாம்.

இந்த ஆய்வு அந்தக் குடும்பங்களிடம் கம்பைன் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றியது. கம்பைன் என்றால் நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, ஒரே ஓட்டத்தில் மணியாகக் கொட்டும் அறுவடை மெஷின். அது வந்ததை எப்படிக் கணக்கெடுப்பது என்ற கேள்விக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் சிலரும் நானும் பருவத்துக்குப் பருவம் அதே வீடுகளுக்குப் போய்க் கேட்டதை வைத்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று முன்பே பேசிக்கொண்டோம்.

ஒரே ‘ஆம்’, நான்கு கதை

விவசாயிகள் புதிய தொழில்நுட்பத்தை ஏற்பதைக் கணக்கெடுக்க எல்லா நாட்டிலும் புழங்கும் ஒரு படிவம் உண்டு. இடப்பக்கம் கை டிராக்டர் (பின்னால் நடந்து ஓட்டும் சின்ன டிராக்டர்), கம்பைன், சான்று விதை, களைக்கொல்லி, போன் ஆப் என்று வரிசை. வலப்பக்கம் ஆம், இல்லை. அதை எடுத்துக்கொண்டு இந்த ஊர்களுக்குப் போனால் கம்பைன் வரிசையில் ஏறக்குறைய எல்லாமே ‘ஆம்’தான். அறிக்கை எழுதுகிறவருக்குச் சந்தோஷம். அந்த ‘ஆம்’களைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால்தான் சங்கடம்.

ஒருவர் எல்லா ஏக்கரையும் வருஷா வருஷம் கம்பைனுக்கே விடுகிறார். மகன்கள் தாய்லாந்தில், அறுக்க வீட்டில் ஆள் இல்லை. இன்னொருவர் மேட்டு வயலை மெஷினுக்கு விட்டு, சேறு காயாத பள்ளத்து வயலைக் கூலியாள் வைத்து அறுக்கிறார். மூன்றாமவர் கம்பைன் வைத்திருப்பவருக்கு மைத்துனர். “மச்சான் மெஷின் சும்மா நிக்கிறப்போ நான் ஆள் தேடிப் போனா வீட்டுக்குள்ள பேச்சு வரும்ங்க” என்றார். நான்காமவருக்கு இரண்டே ஏக்கர். சுற்றியுள்ள வயல்களை மெஷின் அறுத்துவிட்டதால் அறுப்புக் கூட்டம் அந்தப் பக்கமே வருவதில்லை. இரண்டு ஏக்கருக்காக யாரும் தனியாக வர மாட்டார்கள். வேறு வழியில்லாமல் அவரும் மெஷினுக்கு விட்டார்.

படிவத்தில் நான்கு பேருக்கும் ஒரே குறி. விரும்பி மாறியவர், பாதி மாறியவர், உறவுக்காக மாறியவர், தள்ளப்பட்டவர் என்ற வித்தியாசம் எதுவும் அதில் நிற்காது. அடுத்த ஆண்டு யார் பழையபடி அரிவாளுக்குத் திரும்புவார், யாரால் திரும்பவே முடியாது என்பதை இந்த வித்தியாசம்தான் சொல்லும்.

இந்த வகைக் கணக்கெடுப்புக்கு முன்னோடி அமெரிக்காவின் ஐயோவா மாநிலம். கலப்பின மக்காச்சோள விதை அங்கே பரவியதை பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943ல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்ட 259 விவசாயிகளில் இரண்டே பேர் தவிர மற்ற எல்லோரும் 1928க்கும் 1941க்கும் இடையில் புது விதைக்கு வந்திருந்தார்கள். முதலில் மெல்ல, நடுவில் விறுவிறுவென்று, கடைசியில் மறுபடி மெல்ல ஏறும் வளைகோட்டை அதன் பிறகு எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் வரைய ஆரம்பித்தார்கள். விதைக்கு அது பொருந்தும். வாங்கினாரா, இல்லையா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. வாடகைக்கு வந்து, அறுத்துவிட்டு, அடுத்த வயலுக்கு ஓடும் மெஷினுக்கு அதே கோட்டைப் போடலாமா என்பதை யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

எண்ணியவர்கள் யார்

பர்மாவில் இந்த எண்ணிக்கைக்கு வேறொரு நிழலும் உண்டு. 1977–78ல் ஷ்வேபோ, தைச்சி என்ற இரண்டு டவுன்ஷிப்களில் முழு டவுன்ஷிப் நெல் உற்பத்தித் திட்டம் தொடங்கியது. ஒரு டவுன்ஷிப் முழுவதும் ஒரே வீச்சில் புது ரகம், உரம், வரிசை நடவு. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர். 8, ஐ.ஆர். 5 ரகங்கள் இங்கே யாஜோ என்ற பெயரில் புழங்கின. திட்டம் சில ஆண்டுகளில் நாடெங்கும் பல டவுன்ஷிப்களுக்கு விரிந்தது. எழுபதுகளின் நடுவில் 90 லட்சம் டன் அளவில் இருந்த நாட்டின் நெல் விளைச்சல் எண்பதுகளின் தொடக்கத்தில் 140 லட்சம் டன்னை எட்டியது. பிறகு அந்த இடத்திலேயே வருஷக்கணக்காக நின்றுவிட்டது.

விளைச்சல் ஏறியது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எத்தனை ஏக்கரில் புது முறை என்று மேலே போன கணக்கை நான் அப்படியே நம்ப மாட்டேன். 1953 சட்டப்படி நிலம் அரசுடையது. விளைந்த நெல்லில் ஒரு பங்கை அரசு சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நிலம் கைமாறிவிடுமோ என்ற பயம். அப்படிப்பட்ட நேரத்தில் அதிகாரி வந்து நின்று “புது முறை எத்தனை ஏக்கர்?” என்று கேட்டால் எவர் வாயிலிருந்து ‘இல்லை’ வரும்? சவுத்தான் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ரோட்டோரம் வரிசை நடவு. உள்ளே போயிட்டா எங்க இஷ்டம்.” கட்டாயக் கொள்முதல் 1987ல் நீங்கி, அடுத்த ஓரிரு ஆண்டில் திரும்ப வந்து, 2003ல்தான் அடியோடு போனது. அந்தக் கால எண்கள் கீழ்ப்படிதலை அளந்தவை. இன்றும் படிவத்தோடு யார் வந்தாலும் பழைய ஆட்கள் முதலில் தலையாட்டிவிட்டுத்தான் பேசவே தொடங்குகிறார்கள்.

அதே காலத்தில், எந்தப் பிரசாரமும் இல்லாமல், ஒன்று காட்டுத்தீயாகப் பரவியது. அதுதான் பயறு. 1988க்குப் பிறகு தனியார் ஏற்றுமதி செய்யலாம் என்று ஆனது. நெல்லுக்கு இருந்த கொள்முதல் கட்டாயம் பயறுக்கு இல்லை. ரங்கூன் பயின்னவுங் சந்தையில் விலை ஏறினால் அடுத்த பருவத்தில் விதைப்பு ஏறியது. பெகு பக்கம் உளுந்து, தொங்வா, கயான் பக்கம் பாசிப்பயறு. தொங்வாவில் பாசிப்பயறு பரவியதை ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நிலம் வைத்திருந்தவர்கள் மேலே வந்தார்கள், கூலிக்குப் போனவர்களுக்கு அந்த அளவு எட்டவில்லை என்பது அதன் சாரம். எந்த இலாகாவும் முன்னால் நின்று நடத்தாத மாற்றம் இது. கம்பைன் கதையின் சாவியும் இந்தப் பயறில்தான் இருக்கிறது.

மெஷின் வந்த வழி

2008 மே மாதம் நர்கிஸ் புயல். 1,30,000 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள். உழவு மாடுகளும் பெருமளவு செத்தன. அடுத்த மழை தலைக்கு மேல். மாடு வாங்கிப் பழக்க நேரம் ஏது? ஐராவதி டெல்டாவில் கை டிராக்டர்கள் நிவாரணமாகவும் கடனாகவும் இறங்கின. சிரியம் பக்கமும் அப்படித்தான். மாடு நன்றாக இருந்தவர்கள்கூட நாலைந்து ஆண்டில் விற்றுவிட்டு கை டிராக்டருக்கு வந்தார்கள்.

கம்பைன் வந்தது அதற்குப் பிறகு. 2011க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது, மெஷின் விற்பவர்களும் வங்கிகளும் தவணைக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். குபோட்டா, யான்மார், சீன மெஷின்கள், தாய்லாந்திலிருந்து வந்த பழைய மெஷின்கள் எல்லாம் வந்தன. சொந்தமாக வாங்கியவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். பெரும்பாலும் ஆலைக்காரர், நெல் வியாபாரி, இருபது முப்பது ஏக்கர்காரர். மற்றவர்கள் ஏக்கர் கணக்கில் வாடகை கொடுத்தார்கள். அதனால் ‘சொந்தமாக வைத்திருக்கிறீர்களா’ என்று கேட்கும் கணக்கெடுப்பில் கம்பைன் ஊருக்குள்ளேயே வராதது போலத் தெரியும். ‘பயன்படுத்தினீர்களா’ என்று கேட்டால் ஊரே மாறிவிட்டது போலத் தெரியும்.

2016ல் கயான், துவாந்தே, மௌபின், நியாங்டோன் என்ற நான்கு டவுன்ஷிப்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்த ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வாடகைச் சந்தைதான் இந்த வேகத்துக்குக் காரணம் என்பதை அந்த வகை ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. அவர்கள் எடுத்த வழி, முதன்முதலில் எந்த ஆண்டு என்று பின்னோக்கிக் கேட்பது. எங்கள் ஆட்களிடம் ஆண்டு எண் கேட்டால் வராது. “நர்கிஸுக்கு முன்னாலயா பின்னாலயா?”, “ஆயிரத்து ஐந்நூறு கியாட்டுக்கு சிம் கார்டு வந்தப்போ மெஷின் இருந்துதா?” என்று கேட்டால் பட்டென்று வரும். சிம் கார்டு அந்த விலைக்கு இறங்கியது 2014 (கியாட் என்பது பர்மா நாணயம்). “இந்தியா பயறை நிறுத்தின வருஷம்” என்றால் 2017. ஒரு வீட்டில் மகளின் சடங்கு, இன்னொரு வீட்டில் அப்பா காலமான வருஷம். படிவத்தின் ஓரத்தில் அதையும் எழுதி வைத்துக்கொண்டால் ஆண்டுகளைச் சரிபார்க்கலாம்.

பயன் விழும் இடம்

“எதுக்காக கம்பைனுக்கு மாறினீங்க?” என்ற கேள்விக்கு வழக்கமான படிவத்தில் விடைகள் முன்பே அச்சாகியிருக்கும். ஆள் தட்டுப்பாடு. கூலி மிச்சம். தானிய இழப்பு குறைவு. இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோரும் முதலாவதைச் சொல்வார்கள். சொல்லாமல் விட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் வேறு ஒன்று வரும். “நெல்லுக்கு இல்லீங்க. பயறுக்குத்தான்.”

கையால் அறுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நவம்பர் கடைசியில் அறுப்பு. அறுத்த தாளை வயலிலேயே போட்டு இரண்டு மூன்று நாள் காயவைக்க வேண்டும். பிறகு கட்டு கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்து, தூற்ற வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் எல்லாம் இன்னும் தள்ளிப்போகும். அதுவரை வயல் காலியாகாது. இங்கே அக்டோபருக்குப் பிறகு மழையை எதிர்பார்க்க முடியாது. மேல் மண் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே இருக்கும். உழுது பயறு போடும்போது ஈரம் கீழே இறங்கியிருக்கும். முளைப்பு விட்டு விட்டு வரும். கம்பைன் வந்தால் இன்று அறுப்பு, நாளையோ மறுநாளோ உழவு. ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக விதை மண்ணுக்குள் போகிறது. எழுபது எண்பது நாள் பயிருக்கு அந்தப் பத்து நாள் சாதாரணமானதல்ல.

நெல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் கம்பைனில் பெரிய லாபம் இல்லை என்று சொல்பவர்களே அதிகம். ஈர நெல்லாக வருகிறது. உடனே விற்றால் வியாபாரி விலையைக் குறைப்பார், வைத்துக் காயவைக்க இடமும் ஆளும் வேண்டும். வாடகையைக் கழித்தால் கூலி மிச்சமும் அவ்வளவு இல்லை. ஆகவே நெல் கணக்கில் கம்பைனுக்கு நேராகச் செலவு விழுகிறது. பயறு கணக்கில் எந்தப் புதுத் தொழில்நுட்பமும் இல்லாமலே விளைச்சல் கூடியதாகத் தெரிகிறது. நெல்லுக்கு ஒரு இலாகா, பயறுக்கு வேறொரு ஆள், மெஷினுக்கு இன்னொரு இலாகா என்று தனித்தனியாக எண்ணினால் இந்த முடிச்சு யார் கண்ணிலும் படாது. மே முதல் மார்ச் வரை ஒரே வயலோடு கூடவே நடந்தால்தான் தெரியும். இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது இதுதான். பின்தொடர வேண்டியது மெஷினையோ ஆளையோ அல்ல, வயலை.

வயலைப் பின்தொடர ஆரம்பித்ததும் அடுத்து கண்ணில் பட்டது பள்ளமும் மேடும். நவம்பரில் தப்பி ஒரு மழை பெய்த ஆண்டில், களிமண் வயலில் கம்பைனின் பட்டை ஆழமாகப் பதிந்து தடம் விழுந்தது. உழுதாலும் அந்தத் தடம் முழுதாக நிரவாது. தடத்தில் நீர் தேங்கி முளை அழுகியது; தடத்துக்கு வெளியே மண் காய்ந்து கிடந்தது. அடுத்த பருவத்தில் பள்ளத்து வயல்காரர்கள் பலர் அரிவாளுக்குத் திரும்பினார்கள். மேட்டு வயலில் அதே ஆட்கள் கம்பைனையே வைத்துக்கொண்டார்கள். ஆள் வாரியாக எழுதினால் ‘கைவிட்டார்’ என்றும் எழுதலாம், ‘தொடர்கிறார்’ என்றும் எழுதலாம். இரண்டும் சரி, இரண்டும் தப்பு. வயல் வாரியாக எழுதினால் குழப்பமே இல்லை.

வைக்கோல் இன்னொரு முடிச்சு. கையால் அறுத்தால் போர் போடலாம். கம்பைன் தாளை நொறுக்கிச் சிதறடித்துவிட்டுப் போகிறது, அடித்தாளும் உயரமாக நிற்கிறது. மாடு வைத்திருந்தவர்களுக்குத் தீவனம் போச்சு. சிலர் பொறுக்கிக் கட்டினார்கள். பலர் மாட்டை விற்றார்கள். மாடு போனால் உழவுக்கு கை டிராக்டரை விட்டால் வழியில்லை. பயறு வயலுக்கு எருவும் குறைகிறது. ஒரு மெஷினை ஏற்றது இன்னொரு மெஷினிலிருந்து திரும்ப முடியாதபடி செய்துவிடுகிறது. எந்தப் படிவத்திலும் ‘மாட்டை எப்போது விற்றீர்கள்?’ என்ற கேள்வியை நான் பார்த்ததில்லை. எங்கள் நோட்டில் அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

விதை விஷயம்

நெல் ரகத்தைக் கேட்டால் பாதிப் பேர் ‘மனோதுக்கா’ என்பார்கள். இது மலேசியாவின் மஷூரி நெல்லின் வழியில் வந்தது. அதே மஷூரிதான் தமிழ்நாட்டில் பொன்னி. ஆக, சிரியத்துச் சோறும் தஞ்சாவூர்ச் சோறும் ஏதோ ஒரு விதத்தில் பங்காளிகள். சரி, கேள்வி அதுவல்ல. அவர் மனோதுக்கா என்று சொல்வது உண்மையில் மனோதுக்காவா? விதையை வாங்கி எத்தனை ஆண்டாயிற்று, நடுவில் யாரிடம் மாற்றிக்கொண்டார், என்னென்ன கலந்தது என்பது அவருக்கே நிச்சயமில்லை. வேறு நாடுகளில் விவசாயி சொன்ன பெயரையும் இலையில் எடுத்த டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் நிறைய இருந்தன. பெயரைக் கேட்டு எண்ணும் கணக்கில் இந்த ஓட்டை எப்போதும் உண்டு.

இங்கே கம்பைனுக்கும் விதைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மெஷின் ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகும்போது அதன் வயிற்றில் முந்தின வயலின் நெல் கொஞ்சம் தங்கியே இருக்கும். நாள் முழுக்கப் பல பேர் வயலில் ஓடும் வாடகை மெஷினை யார் நின்று சுத்தம் செய்வார்கள்? விதை கலந்துவிடுகிறது. அதனால் விவரமானவர்கள் வயலில் ஒரு மூலையை விதைக்கென்று ஒதுக்கி, அதை மட்டும் அரிவாளால் அறுத்து, தனியாக அடித்து வைக்கிறார்கள். படிவம் இவர்களைப் ‘பகுதி ஏற்பு’ என்று தாழ்த்தி எழுதும். உண்மையில் மெஷினை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள்தான்.

கண்ணுக்கே தெரியாத தொழில்நுட்பமும் உண்டு. உப்புநீரில் விதை தேர்வு. முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்து, விதை நெல்லைப் போட்டு, மிதக்கும் பதரை எடுத்தெறிந்து, மூழ்கியதை நல்ல தண்ணீரில் அலசி விதைப்பது. 2004 முதல் இங்கே மிதி பம்பும் சொட்டுநீர்க் கருவியும் செய்து விற்று வரும் ப்ராக்ஸிமிட்டி டிசைன்ஸ் என்ற நிறுவனம் இதையும் ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் இது புதிதல்ல. கடையில் வாங்க எதுவுமில்லை என்பதால் ரசீது கிடையாது, விற்பனைக் கணக்கு கிடையாது. ஒரு வீட்டில் அம்மாதான் வருஷா வருஷம் செய்கிறார். கணவரிடம் கேட்டால் “அதெல்லாம் நாங்க செய்றதில்லீங்க” என்கிறார்.

போன் ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரீன்வே போன்ற ஆப்கள் இளைஞர்களின் போனில் இருக்கின்றன. விலை பார்க்கவும் பூச்சியைப் படமெடுத்துக் கேட்கவும் பயன்படுத்துகிறார்கள். போனில் இருப்பதும் வயலில் நடப்பதும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

யாரிடம் கேட்பது

பாசிப்பயறு ஒரே நாளில் முற்றுவதில்லை. காய் முற்ற முற்ற இரண்டு மூன்று தடவை கையால் பறிக்க வேண்டும், பெரும்பாலும் பெண்கள். கம்பைன் வந்து டிசம்பர் அறுப்பு வேலை போனதும், கூலிப் பெண்களின் வருஷக் கணக்கு முழுவதும் பிப்ரவரி, மார்ச் பறிப்பின் மேல் சாய்ந்துவிட்டது. முன்பு அறுப்புக்கு நெல்லாகக் கூலி வாங்கி வீட்டில் சேர்த்து வைத்தார்கள். இப்போது அரிசி வாங்கித்தான் சாப்பிட வேண்டும். “மெஷின் வந்தது நல்லதுன்னு எங்க முதலாளி சொல்வாரு. அவரு வயல்ல நெல்லு இருக்கு, எங்க பானையில?” என்று ஒரு அக்கா கேட்டார். மெஷினை ஏற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் எங்கேயும் வராது. ஆனால் அந்த மெஷினால் அதிகம் மாறிப்போனது அவர் வாழ்க்கை. அதனால் நாங்கள் ஒரு வயலைப் பற்றிக் கேட்கும்போது, அந்த வயலில் வேலை செய்யும் ஒருவரிடமாவது தனியாகக் கேட்கிறோம். முதலாளி இல்லாத நேரத்தில்.

அப்புறம் நிலப் பத்திரம். 2012 விவசாய நிலச் சட்டத்துக்குப் பிறகு பாரம் 7 என்ற சான்று இருந்தால்தான் நிலம் உங்கள் பெயரில் என்று ஆகும். அதைக் காட்டினால்தான் விவசாய வங்கியில் கடன். 2016ல் அது மழைக்கால நெல்லுக்கு ஏக்கருக்கு 1,50,000 கியாட், பத்து ஏக்கர் வரை என்று இருந்தது. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் முழுக் குடியுரிமை அட்டை கிடைக்காமல் தலைமுறையாக அலைந்த குடும்பங்கள் நம்மவர்களில் உண்டு. அவர்கள் நிலம் பெரியப்பா மகன் பெயரிலோ, நம்பிக்கையான பர்மியப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கும். ‘உங்கள் நிலம் எத்தனை ஏக்கர்?’ என்று கேட்டால், பயந்து, “நிலம் இல்லை” என்பார்கள். படிவம் அவர்களை நிலமற்றோர் பக்கத்தில் தள்ளிவிட்டு, தொழில்நுட்பக் கேள்விகளையே தாண்டிப் போய்விடும். எட்டு ஏக்கர் உழுகிற ஒருவர் எந்தக் கணக்கிலும் இல்லாமல் போவது இப்படித்தான். “இந்த வருஷம் எந்த வயல்ல உழுதீங்க?” என்று கேட்டால் தயக்கமில்லாமல் கை நீட்டிக் காட்டுவார்கள். யார் பெயரில் என்று நாங்கள் கேட்பதுமில்லை, எழுதுவதுமில்லை.

விட்டுப்போனவை, மாறிப்போனவை

2017 ஆகஸ்டில் இந்தியா ஆண்டுக்குத் துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. பயின்னவுங்கில் விலை சரிந்தது. உளுந்துக்கு இந்தியாவை விட்டால் பெரிய சந்தை கிடையாது. பாசிப்பயறுக்குச் சீனா முதலிய வேறு இடங்களும் உண்டு. உளுந்து போட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் பாசிப்பயறுக்கு மாறினார்கள். சிலர் ஒரு பருவம் வயலைச் சும்மா போட்டார்கள். அந்தப் பருவத்தில் கம்பைன் வாடகைக்குப் போன வயல்களும் குறைந்தன. பயறு போடாவிட்டால் அவசரமாக அறுக்க என்ன தேவை? மெஷினின் விலையோ தரமோ துளியும் மாறவில்லை. மாறியது டெல்லியில் ஒரு அறிவிப்பு. 2021ல் இந்தியா ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு உளுந்து 2.5 லட்சம் டன், துவரை 1 லட்சம் டன் வாங்குவதாக ஒப்பந்தம் வந்தபின் பயம் கொஞ்சம் தணிந்தது.

அதே 2021ல் நடந்த ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு டீசல் விலை ஏறியது, உதிரிபாகம் கிடைப்பது கடினமாயிற்று, வெளி ஊர் மெஷின்கள் சாலையில் வர அஞ்சின. நேரில் போய்க் கணக்கெடுப்பதும் பல இடங்களில் நின்றது. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஆண்டின் கடைசியிலிருந்து போன் வழியாகவே நாடு முழுக்க, சுற்றுக்குச் சுமார் 12,000 குடும்பங்களை விசாரித்தது. இந்தச் சூழலில் அது பெரிய காரியம். ஆனால் போனில் பள்ளம் எது, மேடு எது என்று கை நீட்டிக் காட்ட முடியாது.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்ததும் ஊர்களில் மிச்சமிருந்த இளைஞர்களும் கிளம்பினார்கள். அதனால் கம்பைன் தேவை மறுபடி ஏறியது. டீசல் விலை ஒரு பக்கம் இழுக்க, ஆளில்லாத நிலைமை மறு பக்கம் தள்ளுகிறது. ஒரே வயலில் 2017ல் இறங்கி, 2019ல் ஏறி, 2022ல் இறங்கி, 2024ல் மறுபடி ஏறிய கம்பைன் கணக்கை அந்த அழகான ஐயோவா வளைகோட்டில் எங்கே வைப்பது?

இப்போது வைத்திருக்கும் நோட்டு

எங்களிடம் இப்போது இருப்பது படிவமல்ல, பள்ளிக்கூட நோட்டு. ஒரு வயலுக்கு ஒரு பக்கம். வயலை ஊர் வழக்கப் பெயரில் எழுதுகிறோம்: புளியமரத்து வயல், ஓடைப் பள்ளம், கோயிலடி. பக்கத்தின் மேலே பள்ளமா மேடா, மண் எப்போது கால் வைக்கக் காயும், வண்டிப் பாதை உண்டா. கீழே வருஷம் முழுக்க வரிசையாக: நாற்றா தெளிப்பா, எது உழுதது, எது அறுத்தது, மெஷின் யாருடையது, அவர் என்ன உறவு, அறுத்து எத்தனை நாளில் பயறு விழுந்தது, வைக்கோல் என்ன ஆயிற்று, நெல் ஈரமாகப் போனதா காய்ந்து போனதா, பயறு யார் பறித்தார்கள். விளைச்சலைக் கூடைக் கணக்கில்தான் கேட்கிறோம். ஒரு கூடை நெல் 46 பவுண்டு, அதாவது 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று பிறகு மாற்றிக்கொள்கிறோம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை போனால் போதும். நெல் அறுத்துப் பயறு விதைத்ததும் ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால். பயறு பறித்து முடிந்ததும் ஒரு தடவை, பங்குனியில். மழைக்கால வேலைகளை அப்போதே பின்னோக்கிக் கேட்டுவிடலாம். சில மாதத்துக்குள் என்றால் நினைவு பிசகுவதில்லை. இதில் குறையும் உண்டு. ஒரு வயலுக்கு ஒரு பக்கம் என்றால் சில ஊர்களுக்கு மேல் விரிக்க முடியாது. பெரிய கணக்கெடுப்பை இது ஈடுசெய்யாது. பெரிய கணக்கெடுப்பில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும். அறுப்புக்கும் பயறு விதைப்புக்கும் இடையில் எத்தனை நாள் என்ற ஒரே கேள்வியை எந்தப் படிவத்திலும், போன் விசாரணையிலும்கூடச் சேர்த்துவிடலாம். கம்பைன் எதற்காக வந்தது என்பதை அது மற்ற பத்துக் கேள்விகளைவிட நன்றாகச் சொல்லும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சில வீடுகளில் மகன்கள் போய்விட்டார்கள், பெரியவர்களால் முடியவில்லை. கம்பைன்காரரே வயலைக் குத்தகைக்கு எடுக்க ஆரம்பித்திருக்கிறார். தன் மெஷினால் உழுது, தன் மெஷினால் அறுத்து, பயறும் தானே போட்டு, நிலக்காரருக்கு விளைச்சலில் ஒரு பங்கு கொடுக்கிறார். வயல் அதே வயல், தொழில்நுட்பமும் அதே. முடிவெடுக்கிற ஆள் மாறிவிட்டார். அந்தப் பக்கங்களுக்கு இனி யார் வீட்டில் போய்க் கேட்பது என்று பேசிப் பார்த்தோம். ஒத்த முடிவு வரவில்லை. இப்போதைக்கு இரண்டு வீட்டிலும் கேட்டு, விடை மாறுகிற இடத்தில் இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்கிறோம்.